பெரும்பான்மை சொன்னால் போதுமா?



பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "பண்டைய கிரேக்கர்கள் எல்லா வகை ஆட்சியையும் பார்த்தவர்கள். அவற்றில் எது சிறந்தது?" நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பாடப்புத்தகப் பதில். அன்றைய கிரேக்கம் ஒரே நாடு அல்ல. நூற்றுக்கணக்கான நகர அரசுகள். கொரிந்தில் கிப்செலஸ், ஏதென்ஸில் பிசிஸ்டிராட்டஸ் போன்றவர்கள் தனி மனிதராக ஆட்சியைக் கைப்பற்றினார்கள். ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள். கூடவே 60 வயது கடந்த 28 முதியவர்கள் அமர்ந்த அவை, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட 5 எஃபோர்கள். ஏதென்ஸில் மக்களாட்சி. குடிமக்கள் பேரவையில் நேரடியாக வாக்களித்தார்கள். 500 பேர் கொண்ட ஆட்சிக்குழுவைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் அரிஸ்டாட்டில் வகைப்படுத்தினார். ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா? பொது நன்மைக்காக ஆள்கிறார்களா, சொந்த நன்மைக்காகவா? ஆக மொத்தம் ஆறு வகை. தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் எத்தனை பேர் ஆள்கிறார்கள் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது என்பது என் கருத்து. ஆள்பவர்களை, அது மொத்த மக்களாகவே இருந்தாலும், "நில்" என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? கி.மு. 406-இல் ஏதென்ஸில் நடந்ததைப் பாருங்கள்.

ஸ்பார்ட்டாவுடனான நீண்ட போரின் கடைசிக் கட்டம். அர்கினூசே தீவுகளுக்கு அருகே ஏதென்ஸின் கடற்படை பெரிய வெற்றி பெற்றது. ஆனால் 25 கப்பல்களை இழந்தது. உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்கப் படகுகள் போவதற்குள் புயல் வந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கடலிலேயே மாண்டார்கள்.

ஊர் கொதித்தது. தளபதிகள் எட்டுப் பேரில் இருவர் ஊர் திரும்பவே இல்லை. திரும்பிய ஆறு பேர்மீதும் ஒரே வாக்கெடுப்பில் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று பேரவையில் தீர்மானம் வந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். சட்டத்துக்கு மாறான தீர்மானம் கொண்டுவருபவர்மீது வழக்குத் தொடர ஒரு வழியும் ஏற்கெனவே இருந்தது. யூரிப்டோலமஸ் என்பவர் அந்த வழியைக் கையில் எடுத்தார். மக்கள் விரும்பியதைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூட்டம் கூச்சல் போட்டது. தடுப்பவர்களையும் அந்த ஆறு பேரோடு சேர்த்து விசாரிப்போம் என்ற மிரட்டல் எழுந்ததும் அவர் பின்வாங்கினார்.

அன்று கூட்டத்தை நடத்தும் பொறுப்பிலிருந்த குழுவும் முதலில் மறுத்தது. பிறகு பயந்து இறங்கி வந்தது. ஒரே ஒருவர் மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. அவர் பெயர் சாக்ரடீஸ். வாக்கெடுப்பு நடந்தது. ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். புகழ்பெற்ற பெரிக்ளிஸின் மகனும் அவர்களில் ஒருவர். கொஞ்ச நாளில் கோபம் தணிந்தது. மக்கள் வருந்தினார்கள், தங்களைத் தூண்டிவிட்டவர்கள்மீது வழக்குப் போட்டார்கள். போன உயிர்கள் போனவைதான்.

"பார்த்தீர்களா, கூட்டத்துக்கு அறிவில்லை, திறமையான சிலர் கையில் கொடுத்தால் நாடு உருப்படும்" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஏதென்ஸ் அதையும் பார்த்துவிட்டது. கி.மு. 404-இல் போரில் தோற்றதும் ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் ஆட்சிக்கு வந்தார்கள். சில மாதங்களில் அவர்கள் கொன்றவர்கள் சுமார் 1,500 பேர் என்று பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சொத்துக்காகவே கொல்லப்பட்டவர்களும் உண்டு. கூட்டம் ஆறு பேரைக் கொன்றுவிட்டு வருந்தியது. இந்த முப்பது பேர் வருந்தியதாக எங்கும் படித்ததில்லை.

கி.மு. 403-இல் மக்களாட்சி திரும்பியபோது ஏதென்ஸ் மக்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முப்பதின்மரையும் அவர்களுக்கு நெருக்கமாகப் பதவி வகித்த சிலரையும் தவிர, மற்ற யார்மீதும் பழைய கணக்கைத் தீர்ப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். சட்டங்களைத் திருத்திக் கல்லில் பொறித்தார்கள். சட்டம் வேறு, தீர்மானம் வேறு என்று பிரித்தார்கள். பேரவையின் எந்தத் தீர்மானமும் சட்டத்தை மீறக் கூடாது. புதுச் சட்டம் வேண்டுமென்றால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. ஒரு நாள் கோபத்தில் கை தூக்கி நிறைவேற்ற முடியாது. யோசித்துப் பாருங்கள், இந்தக் கட்டுப்பாட்டை எந்த அரசனும் அவர்கள்மீது சுமத்தவில்லை. மக்களே தங்களுக்குப் போட்டுக்கொண்டது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கே ஆண்டுகளில், கி.மு. 399-இல், அதே சாக்ரடீஸுக்கு ஏதென்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சட்டப்படி நடந்த விசாரணையும் தவறலாம். ஆனாலும் கி.மு. 322-இல் மாசிடோனியப் படை வந்து முடித்து வைக்கும் வரை, சுமார் 80 ஆண்டுகள் அந்த மக்களாட்சியை உள்ளூர்க்காரர்கள் யாரும் கவிழ்க்கவில்லை. அதற்கு முந்தைய பத்தாண்டுகளுக்குள் இரண்டு முறை கவிழ்ந்த ஆட்சி அது.

எனவே கேட்ட மாணவருக்கு என் பதில் இதுதான்: மக்களாட்சியே சிறந்தது. ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதால் அல்ல. தன் தவறைப் பார்த்துத் தனக்கே வேலி போட்டுக்கொள்ள அதனால் முடிந்தது என்பதால். "பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, இனி என்ன பேச்சு?" என்று யாராவது சொன்னால், அந்த ஆறு தளபதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். "ஒரு வலுவான ஆள் வந்தால் போதும்" என்று சொன்னால், முப்பது பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை எனக்கு இன்னும் பெயர் சொல்லி நினைவிருக்கிறது.

அனைவரும் நலமாக இருங்கள்.