நாற்பது பிள்ளைகள், ஒரு பந்து

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் மைதானத்தில் வரிசையில் நிற்கிறார்கள். டீச்சர் பந்தை எறிகிறார். முன்னால் நிற்கும் பிள்ளை பிடித்துத் திருப்பி எறிந்துவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடுகிறது. ஒருவருக்கு 15 வினாடி என்றால் ஒரு சுற்றுக்கு 10 நிமிடம். 40 நிமிட பி.டி. பீரியடில் வரவும் போகவும் 10 நிமிடம் கழிந்தால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று முறை, அதாவது 45 வினாடி. மீதி இருபத்தொன்பதே கால் நிமிடமும் வெயிலில் நிற்பதுதான் பாடம்.

இதில் டீச்சரைக் குறை சொல்ல முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே, கணக்கும் தமிழும் நடத்துகிறவரேதான் விளையாட்டையும் நடத்த வேண்டியிருக்கிறது. அவருக்குத் தேவை, கையடக்கமான ஒரு பாடத்திட்டம்.

முதலில் அன்றைய நோக்கம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 'கிரிக்கெட் ஆடுவது' நோக்கமாகாது. 'தன்னை நோக்கி வரும் பந்தை இரு கையாலும் பிடிப்பது' நோக்கம். பழைய காலுறைக்குள் கிழிந்த துணியைத் திணித்துக் கட்டினால் பந்து தயார். இருபது பந்து இருந்தால் இருவருக்கு ஒன்று. மூன்றடி தள்ளி நின்று எறிந்து பிடிக்கட்டும். எளிதாகப் பிடிக்கிறவர்கள் ஓரடி பின்னால் போகட்டும், தவறவிடுகிறவர்கள் ஓரடி நெருங்கட்டும். பாடம் ஒன்றுதான்; அளவு மட்டும் அவரவர் கைக்கு ஏற்றபடி மாறுகிறது. ஐந்து நிமிடத்திலேயே ஒவ்வொரு பிள்ளையும் பத்திருபது முறை பிடித்திருக்கும்.

அடுத்தது ஆட்டம். நால்வர் கொண்ட பத்துக் குழு. மூவர் பந்தைக் கைமாற்ற, நடுவில் நிற்கும் ஒருவர் பறிக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து நிறுத்தி, "பந்து பறிபோகாமல் இருக்க எங்கே போய் நின்றீர்கள்?" என்று கேளுங்கள். இடைவெளி பார்த்து நகர்வது என்ற பதிலைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கிளித்தட்டு ஆடியவர்களுக்கு அது முன்பே தெரியும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கரும் தோர்ப்பும் 1982-இல் முன்வைத்த முறை இதுதான்: ஆட்டத்திலிருந்து தொடங்கி, 'ஏன்' என்று யோசிக்கவைத்து, அதன் பிறகு நுட்பத்தைச் சொல்லித்தருவது.

'அவுட்' ஆனதும் ஓரமாக உட்காரவைக்கும் ஆட்டங்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் வெளியேறுவது மெதுவாக ஓடும் பிள்ளை. பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். நம் கபடியில் இதற்கு வழி இருக்கிறது. வெளியேறியவர், தம் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றியதும் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறார். எந்த ஆட்டத்துக்கும் இப்படியொரு விதியைச் சேர்க்கலாம்: சுவரில் ஐந்து முறை எறிந்து பிடித்தவர் திரும்பவும் ஆட்டத்துக்கு வரலாம்.

நிழல் எங்கே விழும், தண்ணீர் எங்கே இருக்கும், சுண்ணாம்புக் கோடு யார் போடுவது என்பதையெல்லாம் முதல் நாளே குறித்துக்கொண்டால் போதும்.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைமை ஆசிரியர்களே, தேர்வு நெருங்கும்போது இந்தப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோரே, இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், பந்து கைக்கு எத்தனை முறை வந்தது என்று கேளுங்கள்.