மூச்சை அடக்குவதா வீரம்?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிணறுகளில் ஒரு போட்டி நடக்கும். யார் அதிக நேரம் தண்ணீருக்குள் முங்கியிருப்பது, யார் அடிமண்ணை அள்ளி வருவது என்று. அதிக நேரம் மூச்சை அடக்குபவனே வீரன்! இந்தப் போட்டி வேண்டாம் என்பது என் கருத்து.

கடலுக்குள் வெகு ஆழம் போகிறவர்களைப் பாருங்கள். லட்சத்தீவுகளில் பவளப்பாறை வளையத்துக்கு வெளியே கடல் மதில் போலச் செங்குத்தாக இறங்குகிறது. ஒரு பக்கம் பவளச் சுவர், மறுபக்கம் வெறும் நீலம், காலுக்குக் கீழே தரையே தெரியாது. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவரோரம் நீந்துவார்கள். இதற்குத்தான் ஸ்கூபா என்று பெயர். (உருளையில் இருப்பது வெறும் ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் இதே காற்றை அழுத்தி அடைத்ததுதான்.)

அவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி என்ன தெரியுமா? மூச்சை அடக்காதே!

ஏன்? ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு பங்கு கூடும். 30 மீட்டரில் அது தரையில் இருப்பதைப்போல 4 மடங்கு. அங்கே ஒரு பலூனை ஊதிக் கட்டி மேலே விட்டால் 4 மடங்கு பெருக்கப் பார்த்து வெடித்துவிடும். மூச்சை அடக்கியபடி மேலே வருகிறவரின் நுரையீரலுக்கும் அதே கதிதான்.

வேகமாக ஏறவும் கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாகக் கிளம்பிவிடும். ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து, நின்று நின்று ஏறும் முறையை 1908இல் வெளியிட்டார். இன்றும் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே வருகிறார்கள். காற்று குறைந்தாலோ கூட வந்தவர் கைகாட்டினாலோ பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். யாரும் அவர்களைக் கோழை என்பதில்லை.

"கிணற்றில் உருளை இல்லையே ஐயா" என்பீர்கள். சரிதான், நுரையீரல் வெடிக்காது. ஆனால் வேறு ஆபத்து உண்டு. குதிக்கும் முன் புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சு இழுத்துவிடுகிறீர்களே, அதனால் உடம்பிலுள்ள கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடச் சொல்லி நம்மை முட்டுவதே அந்த வாயுதான். அது குறைந்தால் முட்டல் வருமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து, மயக்கம் வந்துவிடும். தண்ணீருக்குள் மயங்கினால் சத்தம்கூடக் கேட்காது. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் இது நேரும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் உருளையில்லாமல் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். ஆனால் தனியாக இறங்கவில்லை. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி கண் அசராமல் இருப்பார்.

ஸ்கூபா கற்க ஆசையா? 10 வயதிலேயே பயிற்சி தருகிறார்கள். அந்த வயதில் 12 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். முதலில் நீச்சல் தெரிய வேண்டும். அதற்கு நம் கிணறே போதும், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கயிற்றோடு படியில் நிற்கட்டும். போட்டி வேண்டுமென்றால், மல்லாந்து யார் அதிக நேரம் மிதப்பது என்று வையுங்கள்.