வெள்ளிக் கம்பிக்கு எதுக்குங்க இத்தனை பில்டப்?

சில்வர்பாயிண்ட் என்று பேச்செடுத்தால் போதும், உடனே பயமுறுத்த ஆரம்பித்துவிடுவார்கள். "ரொம்பக் கஷ்டமான மீடியம்பா. போட்ட கோட்டை அழிக்கவே முடியாது. கை நல்லாப் பழகினவங்களுக்குத்தான் சரிப்படும். நீ முதல்ல பென்சில்ல ஒழுங்கா வரை, அப்புறம் பாக்கலாம்." நான் போன ஒரு ஓவிய வகுப்பிலும் இதே பல்லவிதான், இணையத்தில் தேடினாலும் இதே பல்லவிதான்.

நான் சொல்ல வருவது நேர் எதிர். இது சின்னப் பையன்களுக்கு முதல் பாடமாக இருந்த விஷயம். இதைத் தூக்கிக் கோபுரத்தின் உச்சியில் வைத்தது பின்னால் வந்தவர்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி விளக்கம். வெள்ளி, செம்பு, பித்தளை, தங்கம் போன்ற உலோகத்தின் முனையாலேயே வரைவதுதான் மெட்டல்பாயிண்ட். வெள்ளியால் வரைந்தால் சில்வர்பாயிண்ட். நம்ம ஊர் எழுத்தாணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுத்தாணி ஓலையைக் கீறும், மேலே மை தடவினால்தான் எழுத்து தெரியும். இதில் கீறலே இல்லை. தாளில் முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு பூசுவார்கள். அந்தப் பூச்சு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்து, உரசும் வெள்ளியில் துளித்துளியாக எடுத்துக்கொள்ளும். வெறும் தாளில் தேய்த்தால் ஒன்றும் வராது. வரைந்தபோது சாம்பல் நிறத்தில் இருக்கும் கோடு நாளாக ஆகப் பழுப்பாகும். வீட்டில் கொலுசு கறுக்கிறதே, அதே சமாச்சாரம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இத்தாலியில் சென்னினோ சென்னினி என்று ஒரு ஓவியர், 1400 வாக்கில் ஓவியத் தொழிலுக்கு ஒரு கையேடு எழுதினார். அதில் வரையப் பழகுகிறவனுக்கு முதலில் அவர் கையில் கொடுப்பது எது தெரியுமா? பென்சில் அல்ல (அப்போது பென்சிலே கிடையாது), பேனா அல்ல, வெள்ளி முனைதான். பேனா அதற்குப் பிறகுதான் வருகிறது!

அவர் சொல்லும் முறையைப் பாருங்கள். ஒரு சாண் அளவில் சின்னப் பலகை. கோழி எலும்பைச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கிடந்தபடியே பொறுக்கி, நெருப்பில் போட்டு, சாம்பலைவிட வெளுப்பாகச் சுட்டு, நைசாக அரைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொடியை எச்சில் தொட்டுப் பலகையில் தடவினால் பூச்சு தயார். எழுதுகோல்கூட முழு வெள்ளியாக இருக்கத் தேவையில்லை. பித்தளைத் தண்டில் முனை மட்டும் வெள்ளியாக இருந்தால் போதும் என்கிறார். எலும்பும் எச்சிலும்! இதையா நாம் 'ராஜ வித்தை' என்கிறோம்?

'அழிக்கவே முடியாது' என்ற பூச்சாண்டியும் இங்கேயே செத்துவிடுகிறது. பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி பொடி தடவினால் புதுப் பலகை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகிவிட்டுத்தானே ஓலைக்குப் போனார்கள்? முதல் நாளே யாரும் ஓலையைக் கையில் கொடுத்து "தப்பு வந்தால் தொலைந்தாய்" என்று சொல்லவில்லை.

"சரி, தாளில் வரைந்தால் அழியாதுதானே?" என்பீர்கள். அழியாதுதான். ரப்பர் வேலைக்கு ஆகாது. ஆனால் அதற்கான பதிலும் அதே கையேட்டில் இருக்கிறது. முதல் கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். பிறகு அதன்மேல் திரும்பத் திரும்பப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் ஏற்ற வேண்டும். முதல் கோடு தப்பாகப் போனாலும் சரியான கோடு ஏற ஏற அது பின்னால் மங்கிவிடும். லியனார்டோ ஸ்ஃபோர்ஸா குதிரைச் சிலைக்காக நீலம் பூசிய தாளில் மெட்டல்பாயிண்டில் வரைந்து பார்த்த ஒரு படம் விண்ட்சர் அரச சேகரிப்பில் இருக்கிறது. அதில் கோட்டின்மேல் கோடு, மாற்றி மாற்றித் தேடிய தடம் அப்படியே கிடக்கிறது. லியனார்டோவே தடவித் தடவித்தான் வரைந்திருக்கிறார். நாம் மட்டும் ஒரே இழுப்பில் குதிரையைக் கொண்டுவர வேண்டுமாம்!

அடுத்த சாட்சி ஆல்பிரெக்ட் ட்யூரர். கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே சில்வர்பாயிண்டில் வரைந்த படம் வியன்னாவின் ஆல்பர்ட்டினாவில் இருக்கிறது. வரைந்த வருடம் 1484. அப்போது அவனுக்கு வயது 13. "அவன் ட்யூரர், நீ யாரு?" என்று கேட்பவர்களுக்கு: அவன் அப்பா பொற்கொல்லர், பையன் அந்தப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த சிறுவன். அவன் கையிலிருந்து யாரும் வெள்ளியைப் பிடுங்கவில்லை. அதுதான் என் வாதமே.

பின்னே இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 16-ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் சாக்குக்கும் பேனாவுக்கும் நகர்ந்தார்கள். அடர்த்தியான கறுப்பு வேண்டும், வேகம் வேண்டும், பெரிதாக வரைய வேண்டும். இது எதுவும் வெள்ளியில் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு கிராஃபைட் வந்தது. 1633-இல் ரெம்பிராண்ட் தன் வருங்கால மனைவி சாஸ்கியாவை சில்வர்பாயிண்டில் வரைந்தபோதே அது அபூர்வமாகிவிட்டிருந்தது. அபூர்வமான பொருளைப் பார்த்தால் நமக்குக் கை கூப்பத்தான் தோன்றும். கூப்பிய கையால் எப்படி வரைவது?

"அப்புறம் பென்சிலில் என்ன குறைச்சல்?" நியாயமான கேள்வி. பென்சிலை அழுத்தினால் கறுக்கும், விரலால் தேய்த்தால் நிழல் வரும். பார்க்காமலே நிழல் போட்டுவிடலாம். வெள்ளியை எவ்வளவு அழுத்தினாலும் ஓரளவுக்கு மேல் கறுக்காது, பூச்சுதான் கிழியும். நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியே ஆக வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் எதிரில் இருக்கும் பொருளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பழகும் வயதில் வேண்டியது இந்தப் பார்வைதான். அது வந்த பிறகு வெள்ளி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

கடைசியாகக் காசு. 'செட்' வாங்கவே வேண்டாம். நகைப் பட்டறையில் ஒரு துண்டு வெள்ளிக் கம்பி கேளுங்கள். அதுவும் முடியாதா? மின்சார ஒயரை உரித்தால் செம்புக் கம்பி, அதுவும் வரையும். 2 மி.மீ. கிளட்ச் பென்சிலில் செருகி, முனையை உப்புத்தாளில் லேசாக உருட்டித் தேய்த்துக்கொள்ளுங்கள். ஊசி மாதிரி விட்டால் தாளைக் கிழிக்கும். கெட்டியான, வழவழப்பான தாளில் வெள்ளை குவாஷ் கலரை மெல்லிசாக இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். முடிந்தது. கோழி எலும்புகூட வேண்டாம், சைவர்கள் கவலைப்பட வேண்டாம் :-)

பள்ளிக்கூட ஓவிய வகுப்பில் ஒரு மாதம் இதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்? கஷ்டம்தான் என்று இன்னமும் சொல்பவர்கள் வாங்க, சண்டை போடலாம். ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு துண்டுக் கம்பியில் ஒரே ஒரு கத்தரிக்காயை வரைந்துவிட்டு வாங்க. சென்னினியும் சுலபமானதில் ஆரம்பி என்றுதான் சொல்லியிருக்கிறார்.