கூகுளில் தேடுவது யாருக்கெல்லாம் தெரியும்? பழவேற்காட்டிலிருந்து ஒரு பார்வை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது பழவேற்காடு ஏரி. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், நாளைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் உண்டா என்பதெல்லாம் இங்குள்ள மீனவ குப்பங்களின் அன்றாடக் கேள்விகள். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வரும் என்பதால், கடைசிக் கேள்வி அன்றைய வருமானத்தையே தீர்மானிக்கும். இதற்கெல்லாம் பதில் தேடும் அதே போனில்தான் மானியம், பட்டா, துறைமுகம் பற்றியும் தேடுகிறார்கள்.

இந்தத் தேடல்கள் எங்கே போகின்றன? அரசு கேட்டால் கொடுத்துவிடுவார்களா? கேள்விகள் நமக்கும் பொதுவானவைதான். ஆனால், பழவேற்காட்டில் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை இருக்கிறது.

ஏன் பழவேற்காடு?

ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளி துறைமுகம் இருக்கிறது. எல்&டி கட்டிய இந்தத் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் உள்ளதை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை முன்வைத்தது. கடலரிப்பு அதிகமாகும், முகத்துவாரம் பாதிக்கும், மீன்வளம் குறையும் என்று மீனவர்கள் எதிர்க்கிறார்கள். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும், 2023 செப்டம்பர் 5-ம் தேதிக்கு அறிவிக்கப்பட்ட கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டன.

இப்படியொரு திட்டத்தை எதிர்க்க முதலில் ஆவணங்கள் வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எங்கே கிடைக்கும், மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் எப்படிப் பார்ப்பது, தகவல் உரிமை மனு எப்படி எழுதுவது, எந்த வழக்கறிஞரைப் பார்ப்பது என எல்லாமே தேடலில்தான் தொடங்கும். அப்படின்னா, ஒரு ஊரின் தேடல் வரலாற்றைப் பார்த்தாலே அந்த ஊர் எதற்குப் பயப்படுகிறது, எதற்குத் தயாராகிறது என்று தெரிந்துவிடும்.

கூகுளுக்கு என்னவெல்லாம் தெரியும்?

கணக்கில் உள்நுழைந்து தேடினால், தேடிய சொல், நேரம், எதைத் தொட்டீர்கள், தோராயமாக எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதெல்லாம் பதிவாகும். ஆண்ட்ராய்டு போன், யூடியூப், மேப் எல்லாம் ஒரே கணக்கில் இருப்பதால் படம் இன்னும் தெளிவாகும். விளம்பரம் காட்டத்தான் இந்த ஏற்பாடு. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

'இன்காக்னிட்டோ போட்டுட்டா போதும்ல?' போதாது. அந்த வசதி உங்கள் போனில் தடம் பதியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இன்காக்னிட்டோவிலும் பயனர் தரவு சேகரிக்கப்பட்டது என்று 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்கு தொடரப்பட்டது. 2024-ல் சமரசத்துக்கு வந்த நிறுவனம், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

கூகுள், அதானி, அரசு: என்ன தொடர்பு?

2025 அக்டோபர் 14 அன்று டெல்லியில் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவில் செயற்கை நுண்ணறிவு மையம் அமைக்கப்போவதாக கூகுள் சொன்னது. கூட்டாளிகள், அதானி குழுமத்தின் கூட்டு நிறுவனமான அதானிகனெக்ஸ், மற்றும் ஏர்டெல். மத்திய அமைச்சர்களும் ஆந்திர முதல்வரும் நிகழ்ச்சியில் இருந்தார்கள்.

இது முதல் கூட்டு அல்ல. 2020-ல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் ரூ.33,737 கோடி போட்டு 7.7% பங்கு வாங்கியது கூகுள். 2022-ல் ஏர்டெல்லில் 100 கோடி டாலர் வரை முதலீடு அறிவித்தது. 2024-ல் முதல்வர் ஸ்டாலினின் அமெரிக்கப் பயணத்தின்போது, 'தமிழ்நாடு ஏஐ லேப்ஸ்' அமைக்க நம் மாநில அரசுடனும் ஒப்பந்தம் போட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டேட்டா சென்டர் கட்டுவதில் கூட்டாளி என்பதற்காக, உங்கள் தேடல் வரலாறு துறைமுக நிறுவனத்துக்குப் போகிறது என்று அர்த்தம் இல்லை. அப்படி நடந்ததாக எந்த ஆதாரமும் வெளிவரவில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நிலம், மின்சாரம், உரிமம் என எல்லாவற்றுக்கும் அரசை நம்பியிருக்கும் ஒரு நிறுவனம், அதே அரசு பயனர் தரவைக் கேட்கும்போது எவ்வளவு தூரம் 'முடியாது' என்று சொல்லும்?

அரசு கேட்டால் என்ன நடக்கும்?

சட்டத்தில் வழிகள் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவிட்டு, கணினித் தகவலைக் கண்காணிக்கலாம். 2018 டிசம்பரில் இதற்காக 10 அமைப்புகளுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. நீதிபதியின் முன்அனுமதி தேவையில்லை. மறு ஆய்வு செய்யும் குழுவிலும் அரசு அதிகாரிகள்தான். எல்லாம் ரகசியம் என்பதால், சம்பந்தப்பட்டவருக்குத் தகவலே வராது. வழக்கு விசாரணை என்றால், பிஎன்எஸ்எஸ் 94-வது பிரிவின் கீழ் போலீஸும் ஆவணம் கேட்கலாம்.

எந்த நாட்டு அரசு எத்தனை முறை பயனர் தரவு கேட்டது என்று கூகுளே அறிக்கை வெளியிடுகிறது. அதிகம் கேட்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எல்லாவற்றுக்கும் கூகுள் தலையாட்டுவதில்லை, சிலவற்றை மறுக்கிறது. ஆனால், அந்த முடிவை எடுப்பது நிறுவனம்தான், நீங்கள் இல்லை.

மீனவர்களுக்கு மட்டும் என்ன கூடுதல் சிக்கல்?

2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு கடலோர மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அடையாள அட்டை வந்தது. 2024 ஆகஸ்டில், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைச் சுமார் ரூ.360 கோடியில் பிரதமர் தொடங்கிவைத்தார். புயல் எச்சரிக்கை தரும், ஆபத்தில் உதவி கேட்கவும் உதவும் கருவி இது. உயிர் காக்கும் விஷயம், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கூட்டிப் பாருங்க. கைரேகை ஒரு இடத்தில், படகின் இருப்பிடம் இன்னொரு இடத்தில், மானிய விவரம் மற்றொரு துறையில், தேடல் வரலாறு ஒரு நிறுவனத்தில். தனித்தனியாக இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. ஒன்றுசேர்ந்தால், ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கும்.

புது சட்டம் காப்பாற்றாதா?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

நிறுவனங்களுக்குக் கடிவாளம் உண்டு, அரசுக்குத்தான் தளர்வு. 17-வது பிரிவின்படி, மத்திய அரசு எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு தரலாம். 36-வது பிரிவின்படி, நிறுவனங்களிடம் தகவல் கேட்கலாம்.

இன்னொரு மாற்றம் உடனடியாகவே அமலாகிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டு, 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரே காரணத்தால் பதிலை மறுக்க வழி வந்துவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி வாதாட வேண்டியது மனுதாரர்தான். நிவாரணம் யார் யாருக்குப் போனது என்று ஒரு குப்பத்திலிருந்து கேட்டால், இனி கதவு சுலபமாக மூடப்படலாம்.

வேற தேடுபொறிக்கு மாறிடலாமே?

மாறலாம், டக்டக்கோ போன்றவை தேடலைச் சேமிப்பதில்லை என்கின்றன. ஆனால், பலரும் போனில் ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்துகிறோம். அந்த இடத்தைப் பிடிக்க 2021-ல் மட்டும் ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்களுக்கு 2,630 கோடி டாலர் கொடுத்தது கூகுள். தேடலில் அது சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாக 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022-ல் போட்டி ஆணையம் ரூ.1,337.76 கோடி அபராதம் போட்டது.

இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது

* கூகுள் கணக்கில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை அணைக்கலாம். அல்லது 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம்.
* தேவையில்லாத ஆப்களுக்குக் கொடுத்த லொகேஷன் அனுமதியை எடுத்துவிடலாம்.
* வழக்கு, போராட்டம் தொடர்பான தேடல்களைக் கணக்கில் நுழையாமல், வேறு தேடுபொறியில் செய்யலாம். அப்போதும் இணைய சேவை நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம்.

இவை விளம்பர நிறுவனத்துக்குப் போகும் தரவைக் குறைக்கும். அரசின் அதிகாரத்தைக் குறைக்காது. அதற்கு சட்டம்தான் மாற வேண்டும்.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். குறைகள் இல்லாத முறை அல்ல. ஆனால், யாருடைய முறை எப்போது என்பது அதில் உள்ள எல்லோருக்கும் தெரியும். தரவு விஷயத்தில் நம் முறை எது, அவர்கள் முறை எது என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் தெரிகிறது. நம் தகவலை யார், எப்போது, எதற்காகக் கேட்டார்கள் என்று பிறகாவது நமக்குச் சொல்ல வேண்டும் என்பது குறைந்தபட்சக் கோரிக்கை. இன்றைய இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.