பட்டறைப் பையனுக்கும் சான்று வேண்டும்

மன்னார்குடி வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை போடும் விவசாயிகள் பலர். மேட்டூரை ஜூன் 12ந் தேதி திறக்க முடியாத ஆண்டுகளில் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. நட்ட பயிர் பச்சை பிடிக்கும் சமயத்தில் மோட்டார் எரிந்துபோனால், அந்தக் குறுவை காயில் கட்டும் பட்டறைக்காரர் கையில்தான்.

எரிந்த காயிலை எடுக்கும்போது சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பியின் கேஜ் மாறக்கூடாது. தரைமேல் ஓடும் மோட்டாரானால் வார்னிஷ் ஊற்றி நன்கு உலர்த்த வேண்டும். நீர்மூழ்கியானால் கம்பியின் மேலுறை கீறல் படாமல் சுற்ற வேண்டும். மெல்லிய கம்பி போட்டால் செம்பு மிச்சம், ஆனால் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். மூடியபின் உள்ளே இருப்பது விவசாயிக்குத் தெரியுமா? (இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டி எரிப்பவர்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பழியையும் பட்டறைமேல் போடுவது நியாயமில்லை.)

இத்தொழிலைப் பெரும்பாலோர் பட்டறையிலேயே பழகுகிறார்கள். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் அங்கே எட்டுவதில்லை. 2019இல் திருத்திய விதிப்படி, 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனமே பழகுநரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் என்றால் விருப்பம். முதலாளியும் இரண்டு பையன்களுமாக நடக்கும் பட்டறை கணக்கிலேயே இல்லை. ஆறு ஆண்டு உழைத்தும் பையன் கையில் ஒரு காகிதம் கிடையாது. வெளிநாடு போக நினைத்தாலும் கூலியாளாகத்தான் எடுப்பார்கள்.

வயரிங் வேலைக்கு மட்டும் நல்ல ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுதான் அது. 21 வயது நிரம்பி, 5 ஆண்டு வயரிங் அனுபவம் உள்ளவர் எழுதலாம். அனுபவத்தையே தகுதியாக ஏற்கும் இம்முறையை மோட்டார் பழுதுபார்ப்பவர்களுக்கும் விரிக்க வேண்டும்.

சான்று கட்டாயமானால் கட்டணமும் கையூட்டும் சேர்ந்து கூலி ஏறும், பழைய கைகள் ஒதுக்கப்படும் என்பார்கள். அந்த அச்சம் வீணானதல்ல. ஆகவே எந்தக் கடையையும் மூடச் சொல்ல வேண்டாம், விரும்புவோர் எழுதட்டும். ஆனால் தேர்வு மன்னார்குடிக்கே வரவேண்டும். தை, மாசி அறுவடை நாளில், பட்டறை ஓய்ந்திருக்கும்போது, வேளாண்மைப் பொறியியல் துறையினர் முன்னிலையில் ஒரு மோட்டாரைச் சுற்றிக் காட்டச் சொன்னால் போதும். பெரியவர்களுக்கு எழுத்துத் தேர்வு எதற்கு?

அதுவரை விவசாயிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. காயில் கட்டக் கொடுக்கும்போது கேஜ், சுற்று, கம்பியின் எடை மூன்றையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள்.