கைகேயியைத் திட்டுவதற்கு முன்…



'அந்த மாமியார் கேரக்டருக்குச் சரியான தண்டனை கொடுங்க!' நம் தொடர்கதைகளுக்கு வரும் கடிதங்களில் இப்படி ஒரு வரி தவறாமல் இருக்கும். நீங்கள் கதையோடு இவ்வளவு ஒன்றிப்போவது எழுத்தாளருக்குப் பெருமை. ஆனால், அந்த அம்மா ஏன் அப்படிப் பேசினார் என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்?

1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். 'இவர் விருப்பப்பட்டு எழுதவில்லை, இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லி எழுதவைத்தது' என்று விளக்கிய பிறகும், ஆதரித்து எழுதியவர் மனசுக்குள்ளும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள்.

சூழ்நிலையை விட்டுவிட்டு குணத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை, மனிதர்களின் அடிப்படைப் பிழை என்றே 1977-ல் குறிப்பிட்டார் உளவியலாளர் லீ ராஸ்.

நாம் கைகேயிக்குச் செய்ததும் இதுதானே? பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கக்கூட மனசு வருவதில்லை. ஆனால் கம்பரின் கைகேயி, ராமனுக்குப் பட்டாபிஷேகம் என்றதும் பூரித்துப்போய்க் கூனிக்கு மாலையைப் பரிசளித்தவள். கூனி அதைத் தரையில் வீசியடிக்கிறாள். 'உன் பிள்ளை கதி என்ன, பிறந்த வீட்டின் கதி என்ன' என்று பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறாள். அதற்காகக் கைகேயி செய்தது நியாயமாகிவிடாது. ஆனால் அவள் பிறவிக் கெட்டவள் இல்லை என்பதாவது புரிகிறது அல்லவா?

வீட்டுக்கு வருவோம். நாம் ஆபீஸுக்கு லேட்டாகப் போனால் டிராஃபிக். மருமகள் லேட்டாக எழுந்தால் சோம்பேறி! ராத்திரி முழுக்கக் குழந்தை அவளைத் தூங்கவிட்டதா என்று கேட்டோமா? மாமியார் சுள்ளென்று விழுந்தால், 'அவங்க குணமே அப்படித்தான்' என்கிறோம். மூட்டுவலி படுத்துகிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தோமா?

கதையில் ஃபிளாஷ்பேக் வைத்து எழுத்தாளர் விளக்கிவிடுவார். வீட்டில் நாம் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.

அடுத்த கடிதத்தில், உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு கேரக்டரின் பக்கம் நின்று நாலு வரி எழுதுங்களேன். கதையில் பழகிவிட்டால், வீட்டிலும் 'ஏன் இப்படிப் பண்ணினே?' என்று அதட்டாமல், 'என்னாச்சும்மா?' என்று கேட்க வரும்.

அன்புடன்,
ஆசிரியர்