கடைசிப் பந்து யார் கைக்கு?

லக்ஷ்மிபாய் நகரில் நாலு தமிழ்ப் பையன்கள் சேர்ந்தால் ஒரு காலத்தில் கவாஸ்கரா, விசுவநாத்தா என்றுதான் வாக்குவாதம் நடக்கும். இப்போது கூடைப்பந்தும் அதில் இடம் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டம் விடியற்காலையில் நம் வீட்டுக் கைபேசிக்கே வந்துவிடுகிறதே! இந்த விவாதங்களில் பழைய வழக்கு ஒன்று ஓயாமல் தலைகாட்டுகிறது. கடைசி விநாடியில் பெரிய ஆட்டக்காரர் தாமே கூடையில் போட வேண்டுமா, பக்கத்தில் நிற்பவரிடம் பந்தைக் கொடுக்கலாமா?

வழக்கின் நாயகர் லெப்ரான் ஜேம்ஸ். 2007 மே 21-ஆம் தேதி டெட்ராய்ட் அணியின் மைதானத்தில் ஆட்டம். அவருடைய கிளீவ்லாந்து அணி 76-78 என்று இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. சில விநாடிகளே பாக்கி. கூடையை நோக்கிப் பாய்ந்த லெப்ரான், மூலையில் தனியே நின்ற டோனியல் மார்ஷலிடம் பந்தைக் கொடுத்துவிட்டார். மார்ஷல் எறிந்தது மூன்று புள்ளிக்கான பந்து. விழுந்திருந்தால் வெற்றி, விழவில்லை. 76-79 என்று தோற்றார்கள். "பொறுப்பைத் தட்டிக் கழித்தார், நெஞ்சுரம் இல்லை" என்று மறுநாளே தூற்றல் ஆரம்பமாகிவிட்டது.

தூற்றியவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். இரண்டு புள்ளி எடுத்துச் சமன் செய்தாலே கூடுதல் நேரம் கிடைத்திருக்கும். மேலும் அன்று லெப்ரான் எடுத்தது மொத்தம் பத்தே புள்ளி. கணக்கைத் தீர்க்க அதுதான் சமயம் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தது இயற்கைதான்.

ஆனால் ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒருவரை மறிக்க இரண்டு பேர் ஓடினால், மீதி நாலு பேருக்கு மூன்று பேர்தான் காவல். யாரோ ஒருவர் சும்மா நிற்கிறார் என்று அர்த்தம். குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நமக்கு இந்தக் கழித்தல் கணக்குத் தெரியாதா? அப்படி நின்ற மார்ஷலும் கைராசி இல்லாதவர் அல்லர். மூன்றே நாள் முன்பு, மே 18-ஆம் தேதி, நியூஜெர்சி அணியுடன் நடந்த ஆட்டத்தில் மூன்று புள்ளிப் பந்துகளை ஆறு முறை கூடையில் போட்டவர். பந்து விழுந்திருந்தால் இதே வாய்கள்தான் "என்ன சமயோசிதம்!" என்று புகழ்ந்திருக்கும். முடிவைப் பார்த்துவிட்டு யோசனையைக் குறை சொல்வது, பரீட்சை முடிவு வந்த பிறகு பையனுக்குப் பாடத்திட்டம் வகுப்பதைப் போல.

மைக்கேல் ஜோர்டான் இதே காரியத்தைச் செய்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. 1997 ஜூன் 13-ஆம் தேதி யூட்டா அணியுடன் இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம். 86-86 என்று சமநிலை. தம்மை மறிக்க இரண்டாவது ஆள் ஓடி வருவார் என்று இடைவேளையிலேயே கணித்து, "தயாராக இரு" என்று ஸ்டீவ் கெர்ரிடம் ஜோர்டான் சொல்லிவைத்தார். அப்படியே நடந்தது. கெர் போட்டார், சிகாகோ அணி கோப்பையை வென்றது. அன்று 39 புள்ளி எடுத்த மனிதர் கடைசி நேரத்தில் பந்தைக் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

'சொல்லிவைத்தார்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் பாகவதரே பாடிவிட்டு, ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்திருக்கும் வேளையில் மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விடுவார். அது மரியாதையா? கைமாற்றிவிடுவது அல்லவா? ஆட்டம் முழுக்கப் பந்தையே தொடாதவரிடம் கடைசி விநாடியில் அதைத் தள்ளிவிடுகிறவரைக் கோழை என்று திட்டினால் நாமும் சேர்ந்து திட்டுவோம். லெப்ரான் அப்படிச் செய்யவில்லை. அன்று அவர் கொடுத்த பந்தை வைத்துத் தோழர்கள் ஒன்பது முறை கூடை போட்டிருந்தார்கள்.

அதே தொடரில், அதே டெட்ராய்ட் மைதானத்தில், மே 31-ஆம் தேதி என்ன நடந்தது? தோழர்களின் கை ஓடவில்லை என்று கண்டதும் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அணியின் கடைசி 25 புள்ளிகளும் அவருடையவை; அவருக்கு மொத்தம் 48. கிளீவ்லாந்து 109-107 என்று வென்றது. பத்து நாள் முன்பு கொடுத்தவரும் அவர்தான், அன்று கொடுக்காதவரும் அவர்தான். 2023-இல் கரீம் அப்துல் ஜபாரை முந்தி, அந்தப் போட்டிகளின் சரித்திரத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனதும் இதே 'பயந்தாங்கொள்ளி'தான்!

அமெரிக்காக்காரன் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் இந்தக் குடியிருப்பில், ரயில்வேயிலோ பாங்கிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்று பையனையும் பெண்ணையும் மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் உண்டு. சென்னையிலிருந்து கிளம்பி இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரையைப் பற்றிப் படித்தவர்கள் ஆசைப்படாமல் இருப்பார்களா? ஆனால் தேர்வு ஆட்டம் என்று வந்துவிட்டால் ஓரத்தில் நிற்கும் அப்பாக்களின் கூச்சல் ஒன்றுதான்: "கொடுக்காதேடா, நீயே போடு!" முன்பின் அறியாத ஐந்து பேரை ஒரு அணியாக நிறுத்துகிறார்கள், கிடைப்பதோ சில நிமிஷம். புள்ளி எடுத்தவன் பெயர்தான் தேர்வாளர் காதில் விழும் என்ற பயத்தில் ஐந்து பேரும் ஐந்து தனி ஆட்டம் ஆடுகிறார்கள்.

பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூடை போட்டவன் பெயரை எழுதும் உடற்பயிற்சி ஆசிரியர்கள், அந்தப் பந்தைக் கொடுத்தவன் பெயரையும் பக்கத்திலேயே எழுதட்டும். பெரிய போட்டிகளில் எழுதத்தான் செய்கிறார்கள். பள்ளி ஆட்டத்திலும் அதற்கு வேண்டியது நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு கோடு, அவ்வளவுதான்.